செயலியின் மூடிக்குள்ளே: பசையா, பற்றாசா?

கணிப்பொறி வாங்க எண்ணும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் புராசசரின் மூடிக்குள் வெறும் பேஸ்ட்தான் வைத்திருக்கிறார்களாம், சால்டர் இல்லையாம். வாங்கலாமா?" என்பதே அது. நான் உலோகவியல் பயில்பவன். ஆகவே இதற்கு விடை கூறும் கடமை எனக்கு உண்டென்று அவர்கள் கருதுகிறார்கள். "சால்டர் நல்லது, ஆனால் பசையும் கெட்டதன்று" என்று நான் சொல்லும் விடையோ எவருக்கும் நிறைவளிப்பதில்லை. இரண்டு வாக்கியங்களில் அடங்காத அவ்விடையை நம் சங்க இதழில் விரித்து எழுதலாம் எனத் துணிந்தேன். இதனைப் படிக்கப் பள்ளியிற் கற்ற பௌதிகமும், பெருக்கலும் வகுத்தலும் போதும். இலக்கியம் பயிலும் நண்பர்களும் அஞ்ச வேண்டுவதில்லை. அவர்களுக்கு உரிய செய்தி ஒன்றும் இடையில் வருகிறது.

இது பொழுதுபோக்குக்கான ஆராய்ச்சி அன்று. நம்மில் பலர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரே கணிப்பொறியை நம்பி ஆய்வேடு எழுதுகிறவர்கள். உள்ளே இருப்பது பசை என்று கேள்விப்பட்டதும் நல்ல பொருளை வேண்டாமென்று ஒதுக்குபவர் உண்டு. மூடியைப் பெயர்த்துத் தாமே சரிசெய்ய முனைபவரும் உண்டு. இரண்டிலும் பணம் வீணாவதை நான் கண்டிருக்கிறேன். கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது.

மூடி ஏன் வந்தது?

செயலி என்று நாம் கையில் எடுக்கும் சதுரப் பொருளில், உண்மையாகக் கணக்கிடும் பகுதி மிகச் சிறியது. அது சிலிக்கனால் ஆன ஒரு சில்லு. பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கும். ஒரு சிறு பலகையின்மேல் அது கவிழ்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த பென்டியம் 3, ஆத்லான் செயலிகள் பலவற்றில் இச்சில்லு திறந்தபடியே இருந்தது. வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டாகிய ஹீட் சிங்கை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள். அழுத்தும்போது அது சற்றே சாய்ந்தாலும் சில்லின் விளிம்பு பொடிந்துவிடும். சிலிக்கன் கண்ணாடியைப் போல் நொறுங்கும் இயல்பினது அன்றோ?

ஆகவே, நிக்கல் முலாம் பூசிய செப்புத் தகடு ஒன்றைச் சில்லின்மேல் மூடியாகக் கவிழ்க்கும் வழக்கம் நிலைபெற்றது. இம்மூடிக்கு இரண்டு கடமைகள். ஒன்று, சில்லைக் காப்பது. மற்றொன்று, நகத்தளவு இடத்தில் பிறக்கும் வெப்பத்தை வாங்கி அதைவிட அகன்ற பரப்புக்குப் பரப்புவது. இரண்டாவது கடமையாலேயே இதனை வெப்பம் பரப்பும் தகடு என்பர். இக்கட்டுரையில் மூடி என்றே எளிமையாகக் குறிப்பிடுகிறேன்.

மடிக்கணினி வைத்திருப்போர் ஒன்றை இங்கேயே குறித்துக்கொள்ளலாம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் இந்த மூடி கிடையாது. சில்லின்மேல் பசை; அதன்மேல் நேரே ஹீட் சிங்க். எனவே மூடிக்குள் பசையா, சால்டரா என்னும் வழக்கு மேசைக் கணிப்பொறிகளைப் பற்றியதே.

வெப்பம் நடக்கும் வழி

மேசைக் கணிப்பொறியில் வெப்பம் நடக்கும் வழி இது: சில்லு, முதல் இடைப்பொருள், மூடி, இரண்டாம் இடைப்பொருள், ஹீட் சிங்க், காற்று. இரண்டாம் இடைப்பொருள் நாமே கடையில் வாங்கிப் பூசும் தெர்மல் பேஸ்ட். முதல் இடைப்பொருள் தொழிற்சாலையில் இடப்படுவது. நம் கண்ணுக்குத் தெரியாதது. வழக்கெல்லாம் அதனைப் பற்றித்தான்.

இடைப்பொருள் எதற்கு, உலோகத்தை உலோகத்தோடு நேரே அழுத்தினால் ஆகாதா என்று கேட்கலாம். எவ்வளவு மெருகிட்டாலும் ஒரு பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்கள் உடையதே. இரண்டு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் அவற்றின் மேடுகளே ஒன்றையொன்று தொடும். பள்ளங்களிற் காற்று நிற்கும். காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மிகச் சோம்பலானது. செம்பு காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே காற்றை வெளியேற்றி அவ்விடத்தை வேறொரு பொருளால் நிரப்ப வேண்டும். நிரப்புவது மசகு போன்ற பசையாகவும் இருக்கலாம். உருக்கி ஊற்றி உறைந்த உலோகமாகவும் இருக்கலாம்.

பூரியே தந்த கணக்கு

வெப்பம் ஒரு பொருளின் ஊடே எவ்வாறு பாய்கிறது என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் பூரியே 1822இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். நமக்கு வேண்டிய அளவில் அவர் விதியை இப்படிச் சொல்லலாம்: ஓர் அடுக்கின் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு, பாயும் வெப்பத்தை அடுக்கின் தடிப்பால் பெருக்கி, கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் கிடைக்கும். தடிப்பு மிகுந்தால் வேறுபாடு மிகும். கடத்துதிறனும் பரப்பும் மிகுந்தால் வேறுபாடு குறையும். இவ்வளவே.

கடத்துதிறனை ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு இத்தனை வாட் என்று அளப்பார்கள். செம்புக்கு ஏறத்தாழ 400. சூடான சிலிக்கனுக்கு ஏறத்தாழ 130. சால்டராகப் பயன்படும் இண்டியம் என்னும் உலோகத்துக்கு 82. நல்ல பசைக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கு 0.026.

இனி ஓர் எடுத்துக்காட்டு. சில்லின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டர். அதில் பிறக்கும் வெப்பம் 100 வாட் எனக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர் என்பதையும் நினைவிற்கொள்க. தொடும் பரப்புகளில் எழும் சிறு தடைகளை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

50 மைக்ரான் தடிப்புள்ள பசை: வேறுபாடு 6¼ பாகை.
100 மைக்ரான் தடிப்புள்ள பசை: 12½ பாகை.
300 மைக்ரான் தடிப்புள்ள இண்டியம்: 2.3 பாகை.
10 மைக்ரான் காற்று: 240 பாகை.

இந்நான்கு எண்களையும் சற்று நின்று நோக்க வேண்டும். கடைசி எண் இடைப்பொருளின் இன்றியமையாமையைக் காட்டுகிறது. தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்கே உள்ள காற்றுப்படலம் சில்லு முழுவதும் நின்றுவிட்டால், செயலி ஒரு நொடியும் தாங்காது. மூன்றாம் எண் சால்டரின் உயர்வைக் காட்டுகிறது. பசையைவிட ஆறு மடங்கு தடிப்பாக இருந்தும், பசை தடுப்பதில் பாதிகூட அது தடுக்கவில்லை.

எனினும், என் கருத்தில் மிக முக்கியமானவை முதல் இரண்டு எண்களே. பசை ஒன்றுதான், தடிப்பு மட்டும் இரட்டித்தது. வேறுபாடும் இரட்டித்துவிட்டது. அதே பசையை 18 மைக்ரான் அளவுக்கு மெலிதாக்க முடியுமானால், அது 300 மைக்ரான் இண்டியத்துக்கு ஈடாகிவிடும். ஆகவே பொருளின் பெயரை மட்டும் கேட்டு, இது நல்லது, அது தீயது என்று தீர்ப்பளிப்பது பொருந்தாது. எப்பொருள், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு பரப்பு, எத்தனை வாட் என்னும் நான்கையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெப்பம் சில்லின் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பிறப்பதில்லை. கணக்கிடும் கருக்கள் இருக்கும் பகுதியில் அது திரளும். அவ்விடத்தில் வெப்பச் செறிவு சராசரியைப் போல் இரு மடங்கானால், மேலே கண்ட வேறுபாடுகளும் ஏறத்தாழ இரு மடங்காகும். பசைக்கும் சால்டருக்கும் உள்ள இடைவெளி அப்போது இன்னும் விரியும்.

பற்றாசு

ரேடியோ பழுதுபார்ப்பவர் சால்டர் என்று சொல்வதை நம் பொற்கொல்லர் பற்றாசு என்பர். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு இடையே இட்டு, உருக்கி, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளச் செய்யும் மூன்றாம் உலோகமே பற்றாசு. இச்சொல் பட்டறையோடு நின்றுவிடவில்லை. யாப்பிலக்கணம் பயின்ற நண்பர்கள் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவார்கள். முன்னுள்ள குறளும் தனிச்சொல்லும் ஓசையில் ஒட்டாமல் விட்டிசைக்கும்போது, இடையே ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பார்கள். அவ்வசைகளுக்கு ஆசு என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பற்றாசு வைத்து இணைப்பது போன்றது இது என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். தாமாக ஒட்டாத இரண்டை ஒட்டவைக்கும் மூன்றாம் பொருளுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் நம்மிடம் இருக்க, அதனைப் பயன்படுத்தத் தயங்குவானேன்? இனி இக்கட்டுரையில் சால்டரைப் பற்றாசு என்றே அழைக்கிறேன்.

செயலிகளில் பற்றாசாக அமைவது இண்டியம் என்று கூறினேன். 1863இல் ஜெர்மனியின் பிரைபெர்க் நகரில் பெர்டினாண்ட் ரைக், தியோடர் ரிக்டர் என்னும் இருவர் துத்தநாகத் தாதுக்களை ஆராய்ந்தபோது இதனைக் கண்டுபிடித்தனர். ரைக்குக்கு நிறக்குருடு. ஆகவே நிறமாலையைப் பார்க்கும் பொறுப்பை ரிக்டரிடம் விட்டார். அதுவரை அறியப்பட்ட எத்தனிமத்துக்கும் உரியதல்லாத அவுரி நீலக் கோடு ஒன்று அதில் தெரிந்தது. அந்நிறத்தின் பெயராலேயே தனிமத்துக்குப் பெயரிட்டார்கள். அவுரிச் சாயத்துக்கு இலத்தீனில் வழங்கிய பெயரோ, இந்தியாவிலிருந்து வந்தது என்னும் பொருளுடையது. நம் நாட்டின் பெயரைத் தொலைவழியாகத் தாங்கிய உலோகம் ஒன்று செயலியின் மூடிக்குள் ஒளிந்திருப்பது இனிய செய்தியே.

இண்டியம் வெள்ளி நிறமானது. நகத்தாற் கீறினால் தடம் விழும் அளவுக்கு மென்மையானது. 156.6 பாகை செல்சியஸில் உருகிவிடும். பொற்கொல்லரின் பற்றாசுக்கு உறுதி வேண்டும். நகை அறுந்துவிடக் கூடாது. செயலியின் பற்றாசுக்கோ மென்மை வேண்டும். ஏன் என்பதை அடுத்துக் காண்போம்.

பற்றாசின் தொல்லைகள்

பொருள்கள் சூடேறினால் விரியும். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே அளவாக விரிவதில்லை. ஒரு பாகை ஏறினால் சிலிக்கன் பத்து இலட்சத்தில் 2.6 பங்கு விரியும். செம்பு 17 பங்கு விரியும். 10 மில்லிமீட்டர் நீளமுள்ள சில்லும் அதன்மேல் உள்ள மூடியும் 60 பாகை சூடேறினால், செம்பு சிலிக்கனைவிட ஏறத்தாழ 8½ மைக்ரான் மிகுதியாக நீளும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் கணிப்பொறியை இயக்கும்போதும் நிறுத்தும்போதும், கடுமையான வேலை வரும்போதும் போகும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. இரண்டையும் கெட்டியான உலோகத்தால் இறுகப் பிணைத்திருந்தால், நொறுங்கும் இயல்புள்ள சிலிக்கனே விரிசல் விடும். இண்டியம் மென்மையானது ஆகையால் இழுத்த பக்கம் தான் வளைந்து கொடுத்துச் சில்லைக் காக்கிறது. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பலமுறை இழுபட்டால் பற்றாசின் உள்ளேயே நுண்ணிய விரிசல்களும் வெற்றிடங்களும் தோன்றலாம்.

இரண்டாவது தொல்லை ஒட்டுவதில் உள்ளது. உருகிய இண்டியம் வெறும் சிலிக்கன்மேல் நன்றாகப் பற்றுவதில்லை. ஆகவே சில்லின் முதுகில் முதலில் அதனைப் பற்றிக்கொள்ளும் உலோகப் படலம் ஒன்று. அதன்மேல், இண்டியம் ஊடுருவாமல் தடுக்கும் படலம் ஒன்று. அதற்கும் மேல் மெல்லிய பொற்படலம். மூடியின் உட்புறத்திலும் சில்லுக்கு நேரே பொன் பூச வேண்டும். பொற்கொல்லரின் சொல்லைக் கடன் வாங்கிய நமக்கு அவருடைய பொன்னும் வந்து சேர்ந்துவிட்டது! இவ்வளவும் செய்தபின், காற்றுக்குமிழி உள்ளே சிக்காமல் உருக்கி உறையவைக்க வேண்டும். குமிழி நின்ற இடத்தில் மேலே கண்ட காற்றின் கணக்கு வந்துவிடும்.

பசைக்கு இத்தொல்லைகள் இல்லை. அது மசகாகவே இருப்பதால் செம்பு எவ்வளவு விரிந்தாலும் சில்லை இழுக்காது. விலை குறைவு, வேலை எளிது. ஆனால் அதற்கும் சொந்தக் குறைகள் உண்டு. சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வரும்போது, இரு பரப்புகளும் சிறிது சிறிதாக அசைந்து பசையைப் பக்கவாட்டில் வெளியே பிதுக்கிவிடும். அதில் உள்ள எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் குறைந்து பசை உலர்வதும் உண்டு. பற்றாசு இழுபறியால் முதுமையடைகிறது; பசை பிதுங்குவதாலும் உலர்வதாலும் முதுமையடைகிறது. முதுமை இரண்டுக்கும் பொது.

2011 முதல் 2018 வரை

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வழக்கு எழுந்த வரலாற்றைப் பார்ப்போம். இண்டெல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ் வரிசையின் மேசைச் செயலிகளில் பற்றாசு இருந்தது. அவ்வரிசையில் புகழ்பெற்ற 2600கே செயலியின் சில்லு 216 சதுர மில்லிமீட்டர். குறிக்கப்பட்ட வெப்பம் 95 வாட். அடுத்து 2012இல் ஐவி பிரிட்ஜ் வரிசை வந்தது. அதன் 3770கே செயலியின் சில்லு 160 சதுர மில்லிமீட்டராகச் சிறுத்தது. வெப்பம் 77 வாட்டாகக் குறைந்தது. வெப்பம் குறைந்துவிட்டதே என்று மகிழ்வதற்குமுன் வகுத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.44 வாட், பின்னதில் 0.48 வாட். வெப்பம் குறைந்தும் செறிவு மிகுந்துவிட்டது. அந்த வரிசையில்தான் பற்றாசு போய்ப் பசை வந்தது.

செயலியைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதில் ஆர்வமுள்ளோர், புதிய செயலி பழையதைவிடச் சூடேறுவதை உடனே கண்டுகொண்டார்கள். பல நாடுகளில் பலர் மூடியைப் பெயர்த்துச் சோதித்தார்கள். அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று நம் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. மூடியின் ஓரத்தைப் பலகையோடு ஒட்டும் பொருள், மூடியைச் சற்றே தூக்கி நிறுத்தியிருந்தது. அதனால் சில்லுக்கும் மூடிக்கும் இடையே பசை வேண்டிய அளவுக்குமேல் தடித்திருந்தது. அந்த ஓர ஒட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூடி சில்லின்மேல் நன்றாக அமரும்படி வைத்தபோது, வெப்பநிலை நன்கு இறங்கியது. குற்றவாளி என்று எல்லோரும் சுட்டிய பசையைவிட, அதன் தடிப்பே பெருங்குற்றம் புரிந்திருந்தது.

2014இல் வந்த 4790கே செயலியில் இண்டெல் மேலான பசை ஒன்றை இட்டது. 2018 அக்டோபரில் எட்டுக் கருக்களோடு வந்த 9900கே செயலியில் பற்றாசு திரும்பி வந்தது. 2020இல் வந்த 10900கே செயலியில் இன்னொரு படி சென்றார்கள். பற்றாசை வைத்துக்கொண்டே சில்லை மெலிதாக்கி, அந்த அளவுக்குச் செப்பு மூடியைத் தடிப்பாக்கினார்கள். இதன் காரணமும் பூரியே விதியில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் சிலிக்கன் 0.8 மில்லிமீட்டர் தடிப்பானால், அதுவே ஏறத்தாழ 4 பாகையைத் தடுத்து நிறுத்தும். பற்றாசு தடுப்பதோ 2.3 பாகைதான். பற்றாசு வந்த பிறகு வழியில் நிற்கும் பெரிய தடை சிலிக்கனே ஆகிவிடுகிறது!

ஏ.எம்.டி. நிறுவனத்தின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். 2017இல் வந்த அதன் ரைசன் மேசைச் செயலிகளில் பற்றாசு இருந்தது. 2018 பிப்ரவரியில், படம் வரையும் பகுதியையும் உள்ளடக்கி மலிவாக வந்த 2400ஜி செயலியில் பசை வைத்தார்கள். இதைக் குறை கூறியோர் பலர். ஆனால் அச்சில்லு 210 சதுர மில்லிமீட்டர். குறிக்கப்பட்ட வெப்பம் 65 வாட். வகுத்தால் 0.31 வாட். 50 மைக்ரான் பசைக்கு வேறுபாடு ஏறத்தாழ 3 பாகைதான். அங்கே பொன்னும் இண்டியமும் இட்டு விலையை ஏற்றியிருந்தால், நம்மைப் போன்ற மாணவனுக்குக் கிடைத்திருக்கக் கூடியது ஓரிரு பாகை மட்டுமே.

நம் விடுதி அறையில்

இனி நம் நிலைமைக்கு வருவோம். மே மாதத்தில் வடநாட்டு விடுதி அறை 40 பாகையைத் தொடும். ஹீட் சிங்க் நடுத்தரமானது. 100 வாட்டுக்கு 40 பாகை ஏறுவது என்று கொள்வோம். வெளிப்பசைக்கு 1 பாகை, மூடிக்கு 2, உட்பசை 50 மைக்ரான் ஆனால் 6, சிலிக்கனுக்கு 4. எல்லாம் கூட்டினால் 93 பாகை. உள்ளே பற்றாசு இருந்தால் 89. உட்பசை 100 மைக்ரான் தடித்திருந்தால் 99. பல செயலிகள் 100 பாகையை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு முழுவதும் ஓடவேண்டிய கணக்கு காலையிலும் முடியாமல் நிற்பதற்கு அது ஒரு காரணம்.

இக்கூட்டலில் எது பெரிய எண் என்று பாருங்கள். அறையும் ஹீட் சிங்கும் சேர்ந்து 80 பாகை. பசையா, பற்றாசா என்னும் வழக்கு 4 முதல் 10 பாகை. ஹீட் சிங்கின் இடுக்குகளிற் படிந்த தூசியைத் துடைத்து அந்த 40ஐ 32 ஆக்கினால், மூடிக்குள் பற்றாசு வைத்ததைவிட மிகுதியான பயன் ஒரு தூரிகையாற் கிடைத்துவிடும். சனவரியில் அறை 15 பாகைக்கு இறங்கும்போதோ, இவ்வழக்கையே மறந்துவிடலாம்.

வெளிப்பசை 1 பாகைதான் தடுக்கும் என்றேன். அதே பசை உள்ளே 6 பாகையைத் தடுப்பானேன்? பரப்புதான் காரணம். மூடி வெப்பத்தை அகலமாகப் பரப்பிய பிறகே வெளிப்பசை வருகிறது. ஆனால் அது உலர்ந்து வெடித்து இடையே காற்றுப் புகுந்துவிட்டால் ஒரு பாகையோடு நிற்காது. ஆகவே, கணிப்பொறி முன்னைவிடச் சூடேறினால் முதலில் தூசியைத் துடைக்க வேண்டும். அதனாற் குறையாவிட்டால் ஹீட் சிங்கைக் கழற்றி, பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சீராக இறுக்க வேண்டும். பசை மிகுந்தால் நல்லது என்று அப்ப வேண்டாம். தடிப்பின் கணக்கை இப்போது அறிவீர்கள்.

மூடியைப் பெயர்ப்பது பற்றி என் கருத்து உறுதியானது. செய்யாதீர்கள். உள்ளே பசை இருந்தால், அரும்பாடுபட்டுச் சில பாகைகளைப் பெறலாம், உத்தரவாதம் போய்விடும். உள்ளே பற்றாசு இருந்தால், 157 பாகைக்குச் சூடாக்காமல் அது விடாது. சென்ற ஆண்டு ஒரு நண்பர், பழைய செயலி ஒன்றின் மூடிக்குள் இருப்பது பசையே என்று யாரோ சொன்னதை நம்பிச் சவர அலகால் நெம்பினார். மூடி வந்தது, அதனோடு சில்லின் பாதியும் வந்தது. ஆய்வேடு ஒப்படைக்க மூன்று வாரமே இருந்தது. அம்மூன்று வாரமும் அவர் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் இடம் கிடைக்கும் நள்ளிரவுக்காகக் காத்திருந்தார். செயலியின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டியதில்லை.

திரவ உலோகம் என்று விற்கப்படும் காலியக் கலவையைப் பற்றியும் கேட்கிறார்கள். அறை வெப்பத்திலேயே திரவமாக நிற்கும் அக்கலவை, பசையைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுப் பொறியில் தொழிற்சாலையிலேயே அது இடப்பட்டிருக்கிறது. வழிந்து ஓடாதபடி அடைப்பும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிந்தினால் பலகை பாழாகும். அலுமினிய ஹீட் சிங்கின்மேல் பட்டால் அவ்வுலோகத்தையே அரித்து நொறுங்கச் செய்யும். விடுதி மேசையில் வைத்துச் செய்யும் வேலை அன்று அது.

முடிவுரை

சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். பற்றாசு பசையைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. மிகுந்த வெப்பத்தைச் சிறிய சில்லில் பிறப்பிக்கும் உயர்ந்த செயலிகளில் அதன் செலவு தகும். குறைந்த வெப்பமுள்ள மலிவான செயலிகளில் மெலிதாக இட்ட பசை போதும். தடிப்பாக இட்ட பசையோ எச்செயலிக்கும் கேடு. மேலும், உள் அடுக்கு நம் கைக்கு அப்பாற்பட்டது. வெளி அடுக்கும் தூசியும் காற்றும் நம் கையில் உள்ளவை.

ஆகவே, பணத்தை எண்ணி வாங்கும் நண்பர்கள், மூடிக்குள் பசை என்ற ஒரு சொல்லைக் கேட்டு நல்ல செயலியை ஒதுக்கிவிட வேண்டாம். பற்றாசு என்ற ஒரு சொல்லைக் கேட்டு மிகுந்த விலை கொடுக்கவும் வேண்டாம். சில்லின் பரப்பு எவ்வளவு, வெப்பம் எத்தனை வாட் என்று முதலில் கேளுங்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். மிஞ்சும் பணத்தில் நல்ல ஹீட் சிங்க் ஒன்று வாங்குங்கள். தூசி துடைக்கத் தூரிகை ஒன்றும் வாங்குங்கள்.